காஞ்சிவரம்: பேய் இல்லாத பேய்ப்படம்

நாம் தமிழ் கற்பிக்கும் கல்லூரி காஞ்சிபுரத்தில் இருக்கிறது. வகுப்பில் அமர்ந்திருப்போரில் கணிசமானோர் பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளிலிருந்து வருகிறவர்கள். ஆகவே பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தை முதுகலை மாணவர்களுக்குத் திரையிட்டுக் காட்டுவதைச் சில ஆண்டுகளாக ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறோம். படம் முடிந்ததும் விளக்கைப் போடுவோம். சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். நாம் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்குவோம்: வர்க்க நலனுக்கும் தனிமனித ஆசைக்கும் இடையிலான முரண், நெய்பவனுக்கு உடுத்த வாய்க்காத பட்டு, கூட்டுறவு இயக்கத்தின் முன்கதை, இத்யாதி. ஒவ்வோராண்டும் அதே உரை. ஒவ்வோராண்டும் அதே கைத்தட்டல்.

சென்ற முறை அந்த உரையை நம்மால் முடிக்க இயலவில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி, எழுந்து நிற்கக்கூட இல்லை, உட்கார்ந்தபடியே கேட்டாள்: "அந்தப் பொண்ண யாராவது ஒரு வார்த்த கேட்டாங்களா?"

எந்தப் பெண்ணை, எதைக் கேட்பது என்று விளங்கிக்கொள்ளவே நமக்குச் சில கணங்கள் பிடித்தன. விளங்கிய பிறகு, "நல்ல கேள்வி, அடுத்த வகுப்பில் விவாதிப்போம்" என்றோம். பதில் தெரியாத ஆசிரியர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் பதில் அது. இக்கட்டுரை அந்த அடுத்த வகுப்பு. வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுவோம். 1948ஆம் ஆண்டு, கொட்டும் மழையில் ஒரு பேருந்து. கைதியாக அதில் அழைத்துச் செல்லப்படும் வேங்கடத்தின் (பிரகாஷ் ராஜ்) நினைவுகளாகக் கதை விரிகிறது. பட்டு நெய்யும் கைகளுக்குப் பட்டு எட்டாத ஊர். பிறந்த மகளுக்கு, ஊரார் முன்னிலையில், 'இவள் திருமணத்துக்குப் பட்டுப்புடவை கட்டி அனுப்புவேன்' என்று வாக்குக் கொடுக்கிறான். அந்த வாக்கைக் காப்பாற்ற முதலாளியின் தறியிலிருந்து பட்டு இழையை வாய்க்குள் ஒளித்துக் கொண்டுவந்து, வீட்டில் யாரும் அறியாமல் ஒரு புடவையை நெய்துவருகிறான். பொதுவுடைமைக் கருத்துகள் ஊருக்கு வருகின்றன. வேலைநிறுத்தத்துக்கு அவனே தலைமை தாங்குகிறான். மகளின் திருமணம் நெருங்குகையில், புடவை முடிய வேண்டுமே என்பதற்காக, வேலைக்குத் திரும்பலாம் என்று அவனே சொல்கிறான். திருட்டு வெளிப்படுகிறது. சிறை. அவன் சிறையில் இருக்கும்போது மகள் தாமரை கிணற்றில் விழுந்து உடல் செயலிழந்து போகிறாள். பார்த்துக்கொள்ள ஆளில்லை. மகளைக் காண வெளியே வரும் தகப்பன் சோற்றில் நஞ்சைக் கலந்து தன் கையாலேயே அவளுக்கு ஊட்டுகிறான். பின்பு, முடிவடையாத அந்தப் புடவையைத் தறியிலிருந்து எடுத்து அவள்மேல் போர்த்துகிறான். முகத்தை மூடினால் காலுக்கு எட்டவில்லை. காலை மூடினால் முகத்துக்கு எட்டவில்லை.

2008 செப்டம்பரில் டொரண்டோ திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2009இல் திரையரங்குகளுக்கு வந்த படம். 2007ஆம் ஆண்டுக்கான சிறந்த படம், சிறந்த நடிகர் ஆகிய தேசிய விருதுகள் இதற்கே கிடைத்தன. அவை தகுதியற்ற விருதுகள் என்று நாம் சொல்ல வரவில்லை. நம் வழக்கு படத்தோடு அல்ல. படத்தைப் பார்த்த நம்மோடு.

ஏனெனில் இப்படத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் கையாண்ட சொற்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 'துயரம்.' 'அவலம்.' 'கையறுநிலை.' 'தந்தைப் பாசத்தின் உச்சம்.' 'காவியச் சோகம்.' கொலை என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொற்களும் நம்மிடம் இருந்தன. நாமும் பதினைந்து முறையாவது இப்படத்தைப் பற்றி மேடையிலும் வகுப்பிலும் பேசியிருப்போம். ஒருமுறைகூட அச்சொல்லை உச்சரித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஒரு தகப்பன் தன் மகளைக் கொன்றான் என்று சொல்ல வேண்டிய இடத்தில், ஒரு தகப்பன் உடைந்தான் என்று சொன்னோம். செத்தவள் மகள், நாம் அழுததோ தகப்பனுக்காக.

ஆகவே இப்படத்தை இனி வேறு வகைமையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது நம் வாதம். பெற்ற பிள்ளையைக் கொல்லும் பெற்றோரைப் பற்றிய திகில்படம் இது. ஒரு வீடு, ஓர் இரும்பறைபோல் மூடிக்கொண்ட சூழ்நிலை, ஓட முடியாத ஒரு பெண், அவள் முழுமையாக நம்பும் ஒரு கை, அந்தக் கையில் சோறு. குறைந்த செலவில் திகில்படம் எடுக்க விரும்பும் எவருக்கும் இதைவிடக் கச்சிதமான காட்சி அமையாது. இதற்குப் பேய் தேவையில்லை, வரைகலை தேவையில்லை, திடீரென்று அலறும் பின்னணி இசை தேவையில்லை. இப்படத்தை இயக்கியவர் 2007இல் இந்தியில் 'பூல் புலையா'வை எடுத்தவர் என்பதையும் நினைவில் கொள்ளலாம். பேயை எதிர்பார்த்து வந்தவர்களிடம், பேய் எங்கோ இல்லை, மனிதருக்குள் இருக்கிறது என்று காட்டும் கதை அது. அச்சத்தின் இலக்கணம் அறிந்த கைதான் தாமரைக்கு ஊட்டும் காட்சியையும் எடுத்திருக்கிறது. நாம்தான் அச்சப்பட மறுத்துவிட்டோம்.

ஏன் மறுத்தோம்? இரண்டு பழக்கங்கள் காரணம் என்று தோன்றுகிறது. ஒன்று நம் பேய்ப்படங்கள் தந்தது. மற்றொன்று நம் இலக்கியம் தந்தது.

முதலில் பேய்ப்படங்கள். 2011இல் 'காஞ்சனா' பெற்ற வெற்றிக்கும் 2012இல் 'பீட்சா' சிறு முதலீட்டில் காட்டிய வழிக்கும் பிறகு, தமிழில் பேய்ப்படங்கள் வரிசைகட்டி வந்தன. ஒரு பங்களா, நாலைந்து நடிகர்கள், ஒரு நகைச்சுவை நடிகர், ஒரு முன்கதை. அந்த முன்கதையில் செத்துப்போன ஆன்மாவுக்கு அநீதி இழைத்தவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் நில அபகரிப்பாளர், அரசியல்வாதி, ஜமீன்தார், காமுகன். எப்போதும் வாசலுக்கு வெளியிலிருந்து வருகிறவன். 'காஞ்சனா'வையே எடுத்துக்கொள்வோம். அந்தத் திருநங்கையை முதலில் கைவிட்டவர்கள் பெற்றோர். ஆனால் ஆவியாக வரும் காஞ்சனா பழிவாங்குவது நிலத்தைப் பறித்த சட்டமன்ற உறுப்பினரை. பெற்ற பிள்ளையைத் தெருவில் தள்ளிய குற்றம் முன்கதையின் முன்கதையாகச் சில நிமிடங்களில் கடந்துபோகிறது. ஆவிக்குக்கூடப் பெற்றோரைத் தண்டிக்கும் உரிமையை நம் திரைக்கதைகள் எளிதில் வழங்குவதில்லை.

இதைவிட வேடிக்கை 2017இல் வந்த 'அவள்'. தொழில்நுட்பத்தில் தேர்ந்த படம், மறுக்கவில்லை. ஆண்வாரிசு வேண்டிப் பெற்ற மகளையே பலியிடும் தகப்பன் அதன் முன்கதையில் வருகிறான். ஆனால் அவன் யார்? ஒரு சீனன். இடம் எது? இமயமலைச் சாரல். பெண்சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த ஒரு மாநிலத்தின் சினிமாவுக்கு, மகளைக் கொல்லும் தகப்பன் ஒருவன் தேவைப்பட்டபோது அவனைச் சீனத்திலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது! உசிலம்பட்டிக்கும் சேலத்துக்கும் பேருந்து வசதி இல்லையா என்ன? பேய்ப்படம் அல்லாத பாரதிராஜாவின் 'கருத்தம்மா' (1994) அந்தத் துணிச்சலைக் காட்டியது. பிறந்த பெண்சிசுவைக் கொல்லக் கொடுக்கும் தகப்பன் அதில் நம் ஊர்க்காரனாகவே வருகிறான். கொலை கொலையாகவே சொல்லப்படுகிறது. நோயில் விழும் அவனைப் பேணுவது, அவன் வேண்டாமென்று நினைத்த பெண்மக்கள். படுக்கையில் விழுந்த தகப்பனை மகள் காப்பாற்றுவதையும், படுக்கையில் விழுந்த மகளைத் தகப்பன் கொல்வதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நாம் எதை 'இயல்பு' என்று எடுத்துக்கொண்டோம் என்பது புலப்படும்.

இரண்டாவது பழக்கத்துக்கு வருவோம். நாம் தமிழ் படித்தவர்கள். ஆகவே நம் குற்றம் இன்னும் கூடுதல். காஞ்சியை ஆண்ட பல்லவனின் படைத்தலைவராக வாதாபியை வென்றவர் என்று சேக்கிழார் போற்றும் சிறுத்தொண்டரின் வரலாற்றை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். ஏகாம்பரநாதர் கோயிலில் அறுபத்துமூவர் வரிசையில் அவரும் நிற்கிறார். பைரவ அடியார் பிள்ளைக்கறி கேட்கிறார். ஒரே மகன் சீராளன், ஐந்து வயது. தாய் பிடித்துக்கொள்ள, தகப்பன் அரிகிறார். சேக்கிழார் அவ்விடத்தில் ஒன்று சொல்கிறார்: பெற்றோர் ஏதோ மகிழ்ச்சியில் தன்னைக் கொஞ்சுவதாக எண்ணிக் குழந்தை சிரித்ததாம். ஆயிரம் பக்தியுரைகள் கேட்டிருக்கிறோம். அந்தச் சிரிப்பில் நின்று பேசிய உரை நம் காதில் விழுந்ததில்லை. பெருங்கவி ஒருவர் வைத்துவிட்டுப் போன ஒரு முள் அது. நாம் அதன்மேல் பூவைப் போட்டு மூடிவிட்டோம். காதையின் முடிவில் குழந்தை பள்ளியிலிருந்து ஓடி வருகிறான். நம் மனம் சமாதானம் அடைகிறது. ஆனால் தாமரை ஓடி வருவதில்லை. ஓடி வரும் முடிவுக்குப் பழகிய நாம், வராத இடத்திலும் அதே சமாதானத்தை அடைந்தது எப்படி?

நாட்டார் மரபு நம்மைவிட நேர்மையானது. நல்லதங்காள் பஞ்சத்தாலும் அவமானத்தாலும் ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் மாய்கிறாள். வத்திராயிருப்புப் பகுதியில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. ஆனால் அவளைத் தெய்வமாக்கிய அதே கதைப்பாடல், மூத்த மகன் உயிருக்குக் கெஞ்சி ஓடுவதையும் மறைக்காமல் பாடுகிறது. தாயின் துயரம் எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை அந்தப் பிள்ளையின் ஓட்டம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் திராணி எழுத்தறியாத பாடகனுக்கு இருந்தது. முனைவர் பட்டம் பெற்ற விமர்சகர்களுக்கு இல்லை. ஓட முடியாத தாமரைக்கு ஒரு சொல்லாவது கொடுத்திருக்கலாமே என்று கேட்க நமக்குத் தோன்றவேயில்லை. அவள் சம்மதித்தாளா, மறுத்தாளா, இன்னும் சில நாள் ஜன்னல்வழியே வானத்தைப் பார்த்துக் கிடக்க விரும்பினாளா? அந்த மாணவி கேட்டது அதைத்தான்.

'வறுமையின் கொடுமையை அறியாத மாதச்சம்பளக்காரரின் ஒழுக்கவாதம் இது' என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்த எதிர்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தகப்பன் சிறைக்குத் திரும்ப வேண்டியவன். தாய் இல்லை. உறவு கைவிட்டுவிட்டது. அவன் வேறென்ன செய்வான்? கொன்றது வேங்கடம் அல்ல, முதலாளியும் வெள்ளை அரசும்தான் கொன்றன என்பது அவர்கள் கூற்று. ஏற்கிறோம். ஆனால் அமைப்பு கொன்றது என்று சொல்வதற்கே, முதலில் அது கொலை என்று சொல்லியாக வேண்டும் அல்லவா? அதைப் பாசம் என்று சொல்லிவிட்டால் குற்றவாளிக் கூண்டே காலியாகிவிடுகிறதே! வேங்கடத்தை விடுவிக்கப் போய் முதலாளியையும் சேர்த்து விடுவித்துவிடுகிறோம். அவனுடைய வறுமைக்கு நாம் செய்யும் மரியாதை அதுவல்ல.

இன்னொன்றும் உண்டு. பிள்ளை பெற்றவரின் உடைமை என்ற எண்ணம் இவ்வூர்த் தறிக்குழிகளுக்கு அந்நியமானது அன்று. கோர்வைத் தறியில் கரைக்கான நாடாவைத் தள்ள எதிர்ப்பக்கம் இன்னொரு கை வேண்டும். நெடுங்காலம் அது குழந்தையின் கையாக இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் பிணைக்கப்பட்ட காஞ்சிபுரத்துக் குழந்தைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் அறிக்கை பதிவு செய்தது. அந்தப் பெற்றோரும் கொடியவர்கள் அல்லர், வறியவர்கள். ஆனாலும் கடன் பெற்றோருடையது, அதைத் தீர்த்த விரல்கள் பிள்ளையுடையவை. வேங்கடத்தின் வாக்கும் அத்தகையதே. வாக்குக் கொடுத்தவன் அவன். நிறைவேறாதபோது விலையாகப் போனது மகளின் உயிர். பட்டுப்புடவை வேண்டும் என்று தாமரை எப்போதாவது கேட்டாளா?

நாம் மிகைப்படுத்துவதாகத் தோன்றினால், அதே நடிகரின் இன்னொரு படத்தைப் பாருங்கள். 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'பாவக் கதைகள்' தொகுப்பில் வெற்றிமாறன் இயக்கிய 'ஓர் இரவு'. சாதி மாறி மணந்த கர்ப்பிணி மகளை வளைகாப்பு என்று சொல்லி வீட்டுக்கு அழைத்துவரும் தகப்பனாக மீண்டும் பிரகாஷ் ராஜ். மகளாகச் சாய் பல்லவி. மீண்டும் நஞ்சு, மீண்டும் தகப்பனின் கை. பூட்டிய கதவுக்குப் பின்னால் மகள் துடிக்கிறாள். தகப்பன் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இங்கே பார்வையாளர் எவரும் 'தந்தைப் பாசத்தின் உச்சம்' என்று சொல்லவில்லை. பதறினோம். கொலைகாரன் என்றோம். பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில், அதே முகம், அதே செயல். ஒன்றுக்குக் கண்ணீர், மற்றொன்றுக்குக் காறித்துப்பல்.

இரண்டும் ஒன்றல்ல என்பது நமக்கும் தெரியும். ஒருவன் சாதிப் பெருமைக்காகக் கொன்றான். மற்றவன் கதியற்றுக் கொன்றான். தண்டனை வழங்கும் நீதிபதிக்கு அந்த வேறுபாடு அவசியம். ஆனால் இருவருக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது: இவள் என்னுடையவள், இவள் இனி வாழ வேண்டுமா என்பதை நான் தீர்மானிக்கலாம் என்ற நம்பிக்கை. 'ஓர் இரவு' தகப்பனின் மனத்திலும் அது பாசம் என்றுதான் பெயர் பெற்றிருக்கும். மானம் போன பிள்ளை வாழ்ந்து என்ன பயன் என்று ஒருவன் நினைக்கிறான். கைகால் போன பிள்ளை வாழ்ந்து என்ன பயன் என்று மற்றவன் நினைக்கிறான். முதலாவதை மூடத்தனம் என்கிறோம். இரண்டாவதைக் கருணை என்கிறோம். உடல் முடங்கியவர்கள் இதைப் படித்தால் நம் கருணையைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

வயது முதிர்ந்தோரைக் கொல்லும் தலைக்கூத்தலைப் பற்றிப் பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' (2018ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப்பட தேசிய விருது பெற்றது) வந்தபோது நாம் தடுமாறவில்லை. படுத்த படுக்கையான முதியவரைப் பிள்ளைகள் கொல்வது கொலை என்று தயங்காமல் எழுதினோம். பெற்றவர் படுத்தால் கொலை, பெற்ற பிள்ளை படுத்தால் காவியமா? நம் அறம் எந்தத் தலைமுறையின் பக்கம் நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் தெருவில் ஐம்பது ஆண்டுகள் தறியில் உட்கார்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒருநாள் இப்படத்தின் கடைசிக் காட்சியைப் பற்றிக் கேட்டோம். புடவையின் குறியீட்டுப் பொருளைப் பற்றி ஏதேனும் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார்: "பாதிப் புடவைய தறியிலேர்ந்து அறுக்கறதுக்கே நமக்குக் கை வராதுப்பா. அவனுக்குப் பெத்த பொண்ணு விஷயத்துல எப்படிக் கை வந்துச்சு?" நாம் படித்த விமர்சனங்கள் எதிலும் இந்தக் கேள்வி இல்லை. நாம் எழுதியவற்றிலும் இல்லை.

படத்துக்கு ஒரு நியாயம் செய்துவிட்டு முடிக்கிறோம். அந்தக் கடைசிப் புடவை எட்டாமல் போவது, நம் விமர்சனங்கள் சொன்னதைவிட அதிகமாகச் சொல்கிறது. மகளை மூடிவிட வேண்டும் என்று அவன் இழுக்க இழுக்க, அவள் ஏதாவது ஒரு பக்கம் வெளியே தெரிந்துகொண்டே இருக்கிறாள். மறைக்க முடியாத ஓர் உடல் அங்கே கிடக்கிறது என்று படம் நமக்குக் காட்டிவிட்டது. நாம் அந்தத் துணியின் நீளத்தைப் பற்றியே இத்தனை ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தோம்.

வரும் பருவத்திலும் 'காஞ்சிவரம்' திரையிடப்படும். விளக்கைப் போட்டதும் வர்க்க முரணில் தொடங்கப் போவதில்லை. அந்த மாணவி கேட்டதை அவளுடைய சொற்களிலேயே கரும்பலகையில் எழுதிவிட்டு, வகுப்பு பேசட்டும் என்று காத்திருக்கப் போகிறோம். வேலைநிறுத்தமும் கூட்டுறவும் அதற்குப் பிறகு வரட்டும்.